சிரிக்கும் உரிமை

திருமலைராயன்பட்டினத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. காளமேகம் அவைக்கு வந்தான். இருக்கை தர மறுத்தனர். எமகண்டம் பாடி வென்றான். மண்மாரி பொழிக எனச் சபித்தான் என்பர். பாட்டுக்கு மண் பொழியாது. அதை நாம் அறிவோம். நாம் கவனிப்பது வேறொன்று. அவையையே எள்ளி நகையாடிய ஆண்மகனைக் கவி என்று கொண்டாடிய அதே நாடுதான், "பொம்பளை சிரிச்சா போச்சு" என்றும் பழமொழி சமைத்தது!

ஆண் நகைத்தால் புலமை. பெண் நகைத்தால் பழியோ?

இந்தக் கேள்வியை மேடையிலும் திரையிலும் வாழ்ந்து காட்டியவர் டி.ஏ. மதுரம். 1936-ல் வெளிவந்த ‘வசந்தசேனா’வில் என்.எஸ். கிருஷ்ணனோடு இணைந்தார், வாழ்விலும் துணையானார். பெண்வேடமிட்ட ஆணைக் காட்டிச் சிரிப்பு மூட்டிய நாடகக் குழுக்கள் நிறைந்த காலம் அது. பெண் என்றால் சிரிப்புக்கு இலக்கு! மதுரமோ இலக்காக நிற்க மறுத்தார். கணவன் ஒன்று சொன்னால் இரண்டு கேட்டார், மடக்கினார், அவன் விழிப்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் எதிர்க்கேள்வி இல்லையேல் கலைவாணரின் வேடிக்கையில் பாதி ஒற்றைக் கையோசைதான்.

அந்தச் சிரிப்பு இசைத்தட்டில் ஏறிற்று. 1939-ல் திருச்சி வானொலி பிறந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு எல்லையுண்டு, சுங்கமுண்டு. காற்றில் வரும் ஒலிக்குச் சுங்கம் ஏது? கொட்டகைக்குப் போக அனுமதியில்லாத பெண்ணும் அடுக்களையில் நின்றபடியே ஒரு பெண் உரக்கச் சிரிப்பதைக் கேட்க வழி பிறந்தது. சிறிய செய்திதானா இது?

1944-ன் இறுதியில் கொலைவழக்கொன்றில் கலைவாணர் சிறைப்பட்டார். ஆயுள் தண்டனை விதித்தனர். மதுரம் மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடக சபையை நடத்தினார்; ‘பைத்தியக்காரன்’ படமாயிற்று. 1947-ல் கலைவாணர் விடுதலையானார். அதுவரை, வீட்டில் துயரம், மேடையில் சிரிப்பு! நகைச்சுவை உழைப்பு அல்ல என்போர் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

1957-ல் கலைவாணர் மறைந்தார். 1974-ல் மதுரமும் மறைந்தார். சென்னையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது, வரவேற்கிறோம். உள்ளே செல்வோரில் மதுரத்தை நினைப்போர் எத்தனை பேர்?

பிறரை மட்டும் குற்றம் சொல்வானேன்? புராணப் புளுகை எள்ளி மேடையில் கைதட்டல் பெறும் நாமே, வீடு திரும்பியதும், உரக்கச் சிரிக்கும் தங்கையை நோக்கி, "மெல்ல! தெருவுக்குக் கேட்கும்" என்கிறோமே, தோழர்களே! கேட்டால்தான் என்ன?