இறங்கும் கலை

ஏறுவதற்கு வலிமை வேண்டும். இறங்குவதற்கு என்ன வேண்டும்?

சென்ற தை மாதம் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குப் பஸ்ஸில் இறங்கியபோது எழுந்த கேள்வி இது. வீட்டுப் பொறுப்பு முழுவதையும் ஒரே நாளில் மகனிடம் ஒப்படைத்து, "இனி என்னை எதுவும் கேட்காதே" என்று சாவிக்கொத்தை மேஜைமேல் எறிந்துவிட்டு மலைக்கு வந்தவன் நான். அதைத் துறவு என்றே எண்ணியிருந்தேன்.

வளைவுகளில் டிரைவர் எஞ்சினை அணைத்துவிடவில்லை. தாழ்ந்த கியரில் போட்டு, அதன் பிடியிலேயே வண்டியை இறக்கினார். பக்கத்திலிருந்த நண்பர் இளமையில் சிறு விமானம் ஓட்டப் பழகியவர்.

"விமானத்திலும் விசையைக் குறைப்போம், கையை மட்டும் விசைப்பிடியிலிருந்து எடுக்கமாட்டோம்" என்றார் அவர். "ஓடுபாதை எட்டாது போலிருந்தால், மூக்கைத் தூக்கு என்று மனம் சொல்லும். விசையில்லாமல் தூக்கினால் வேகம் குறைந்து, காற்று இறக்கையைத் தாங்காமல் விமானம் விழும். சிறிது விசை கூட்டுவதே வழி. விசை மிஞ்சினாலோ, தரைமேல் மிதந்துகொண்டே போய்ப் பாதை தீர்ந்துவிடும். எதுவும் சரிப்படவில்லையென்றால் முழு விசையும் கொடுத்து மேலேறி, சுற்றி வந்து மறுபடி இறங்க வேண்டும். அதில் அவமானம் இல்லை."

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானத் தபால் கொண்டுவந்தார்; அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவர்களுடைய புஸ் மாத் ஒற்றை எஞ்சின் விமானம். அதன் சக்கரக் கால்களின் உறையைத் திருப்பிக் காற்றுக்குத் தடையாக நிறுத்தலாம். பறக்கப் பிறந்த பொறிக்கும் இறங்குவதற்கென்று ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது.

நான் செய்தது என்ன? விசையை ஒரேயடியாக மூடிவிட்டு மூக்கை உயர்த்திக்கொண்டேன். அது துறவன்று, வீம்பு. கடைசிவரை சாவியை விடாத தந்தையரோ பாதை தீரும்வரை மிதக்கிறவர்கள்.

பிடியில் கை இருந்தால் அதிகாரத்தை விட்டதாகுமா என்று கேட்கலாம். அந்தக் கை யாருக்காக இருக்கிறது என்பதே உரைகல். தன் பெருமைக்காக இருந்தால் அது பற்று. வண்டியில் இருப்பவர்கள் நலமாகத் தரை சேர்வதற்காக இருந்தால் அது கடமை. தரை சேர்ந்ததும் கை தானே விலகும்.

போளூரில் இறங்கியதும் மகனுக்குத் தொலைபேசி செய்தேன். வீட்டு வரி ரசீதுகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதைக்கூடச் சொல்லாமல் வந்திருந்தேன்.