நித்திரையும் நிதானமும்



பெரிய சிவாலயங்களில் அர்த்தசாமப் பூசை நிறைவுற்றதும் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பால் நிவேதித்துக் கதவடைப்பார்கள். விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடித் துயிலெழுப்புவார்கள். திருப்பெருந்துறைப் பெருமானை மணிவாசகர் அவ்வாறே பாடி எழுப்பினார். உறக்கமே இல்லாத பரம்பொருளுக்குப் பள்ளியறை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். அவனுக்கு அது வேண்டியதில்லை, நமக்கே வேண்டும். இரவு ஓய்வுக்குரியது என்பதைக் கோயிலே நமக்கு நடத்திக் காட்டுகிறது.

சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்தாக வகுக்கும். நனவில் 35 கருவிகளோடு தொழிற்படும் ஆன்மா, கனவில் 25 கருவிகளோடும், உறக்கத்தில் மூன்றே கருவிகளோடும் இதயத்தானத்தில் ஒடுங்கும் என்பார்கள். ஆகவே நித்திரை என்பது சோம்பேறியின் சொத்தன்று; உயிருக்கு அருளப்பட்ட இளைப்பாறல். இக்கால வைத்தியர்களும் ஆழ்ந்த உறக்கத்தில் உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது என்றே கூறுகின்றனர். வளர்ந்தவர்களுக்கு இரவில் ஏழு மணித்தியாலமாவது வேண்டும். பாடசாலை செல்லும் சிறுவர்களுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. அது குறைந்தால் முதலில் கெடுவது உடலன்று, நிதானமே. சினத்தையும் அச்சத்தையும் எழுப்பும் மூளைப்பகுதி மிஞ்சிவிடுகிறது. அதனை அடக்கியாளும் முன்மூளையின் பிடி தளர்ந்துவிடுகிறது. சட்டியைத் தூக்கி எறிபவனையும், பிள்ளையை அடிப்பவளையும் குணங்கெட்டவர் என்று பழிக்கிறோம். அவர்கள் கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது என்று கேட்கிறோமா?

இலங்கையிற் பிறந்த நாம் ஒருவனைத் தூங்குமூஞ்சி என்று ஏச வேண்டுமானால் உடனே "கும்பகர்ணன்" என்கிறோம். பாவம், அவன் விரும்பியா தூங்கினான்? வரம் கேட்கும் வேளையில் கலைமகள் நாவிலே புகுந்து சொல்லைப் புரட்டிவிட்டதாக உத்தரகாண்டம் கூறும். ஆறு மாதம் உறக்கம், ஒரு நாள் விழிப்பு என்பது அவனுக்கு வாய்த்த சாபமேயன்றிக் குணமன்று. விழித்தபோது அண்ணனிடம் அவன் எடுத்துரைத்தது அறத்தையே. சீதையைக் கவர்ந்தது தவறு என்று இராவணன் முகத்துக்கு நேரே சொல்ல எத்தனை பேருக்குத் துணிவிருந்தது?

நம் வீடுகளிலும் கும்பகர்ணர்கள் உண்டு. லயம் முழுவதும் கேட்கக் குறட்டை விடுவார்கள். காலையில் எழுந்தால் தலைவலி, பகலெல்லாம் தூங்கிவழிதல், தொட்டதற்கெல்லாம் எரிச்சல். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும், அந்தக் குறட்டை திடீரென நின்று, மூச்சும் நின்று, பின்பு திணறலோடு மீண்டும் தொடங்குவது. ஓரிரவில் இது பல தடவை நிகழலாம். ஒவ்வொரு தடவையும் மூளை விழித்துக்கொள்வதால், எட்டு மணித்தியாலம் படுத்திருந்தும் அவர் தூங்கவில்லை என்பதே உண்மை. இது இரத்த அழுத்தத்தையும் கூட்டும். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் கருவியை 1981ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவில் கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் இன்னமும் கேலி பேசிக்கொண்டிருக்கிறோம். "உடம்பு அலுப்புக்கு" என்று சாராயம் குடித்துவிட்டுப் படுப்பவருக்கு இந்த மூச்சுத்தடை இன்னும் மோசமாகும். குடித்தால் சீக்கிரம் கண் அயரும். நள்ளிரவில் அந்த உறக்கம் உடைந்துபோகும்.

மலையில் கொழுந்தெடுக்கும் தாய்மார் சிலர் இரவில் படுத்ததும் கால் குடைகிறது, அசைக்காமல் இருக்க முடியவில்லை என்பார்கள். இதைத் தைலம் தேய்த்தே சமாளித்து வருகிறோம். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தாலும் இந்தக் குடைச்சல் வரும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். தேயிலையைப் பறித்து உலகுக்கு அனுப்புகிறவளுக்கே அது நித்திரையைப் பறிக்கலாமா? ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். வைத்தியசாலையில் இரத்தத்தையும் சோதித்துப் பார்க்கட்டும்.

அமுக்குவான் பேய் பற்றியும் சொல்லவேண்டும். கண் விழித்திருக்கும், கைகால் அசையாது, நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்ததுபோலிருக்கும். கனவு காணும் உறக்கத்தில் உடல் தளர்ந்து கிடப்பது இயற்கையின் ஏற்பாடு. அந்தத் தளர்ச்சி நீங்குமுன் மனம் விழித்துக்கொண்டால் இப்படி நேரும். சற்று நேரத்தில் தானாகவே விலகும். தூக்கம் ஒழுங்கற்றவர்களுக்கு இது அதிகம். அம்பாள் திருநீறு பூசுவது நல்லதே. அது மனதுக்குத் தைரியம் தரும். ஆனால் இதற்காக ஒரு குமர்ப்பிள்ளையைப் பேய் பிடித்தவள் என்று பெயர் சூட்டி வேப்பிலையால் அடிப்பதை அம்பாள் கேட்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நம் மாத்தளை மாவட்டமும் மண்சரிவுக்குத் தப்பவில்லை. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்து, மலைப்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு விடியும்வரை இருப்பவர்கள் இருக்கிறார்கள். 1983 ஜூலை இரவுகளைத் தேயிலைச் செடிகளுக்கிடையே கழித்த மூத்தவர்களில் சிலர் இன்றும் நாய் குரைத்தால் திடுக்கிட்டு எழுவார்கள். இது கோழைத்தனமன்று. காவல் காத்துப் பழகிய மனம் காவலை விட மறுக்கிறது, அவ்வளவுதான். வாரக்கணக்கில் இது நீடித்து, வீட்டில் சண்டையும் பிள்ளைகளிடம் மௌனமுமாக மாறுமானால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநோய்ப் பிரிவு என்ற பெயர்ப்பலகையைக் கண்டு கூச வேண்டாம். அத்தகைய வீட்டில் ஓரிரவு நீங்கள் காவலிருந்து அவரைத் தூங்கச் செய்தால் அதுவும் திருத்தொண்டே.

அப்படியானால் சிவராத்திரியில் கண்விழிக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக விழிக்கலாம். வருடத்தில் ஓரிரவு, நான்கு சாமமும் சிவனை நினைந்து விழிப்பது விரதம். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியுமாக வருடம் முழுவதும் விழிப்பது வெறும் பழக்கம். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணபிரான், மிகத் தூங்குபவனுக்கும் யோகம் இல்லை, தூங்காமலே கிடப்பவனுக்கும் இல்லை என்கிறார். அதைச் சொன்னவர் ஒரு தேர்ச்சாரதி என்பதை நாம் மறக்கலாகாது.

சாரதிகளைப் பற்றியே அடியேனின் கவலையெல்லாம். 24 மணித்தியாலம் விழித்திருந்தவரின் தடுமாற்றம் நன்றாகக் குடித்தவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 2001 பெப்ரவரி 28ஆம் திகதி இங்கிலாந்தில் செல்பி என்னும் ஊருக்கு அருகே, முந்திய இரவு தூங்காத ஒருவர் ஓட்டிய வாகனம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ரயில் பாதையில் விழுந்தது. அதில் மோதித் தடம்புரண்ட ரயிலோடு எதிரே வந்த சரக்கு ரயிலும் மோதியது. பத்து உயிர்கள் போயின. அவர் குடித்திருக்கவில்லை. நீதிமன்றம் ஐந்து வருடச் சிறை விதித்தது.

நாம் என்ன செய்கிறோம்? சிவராத்திரிக்கு முன்னேசுவரத்துக்கும் கோணேசுவரத்துக்கும் வேன் பிடிக்கிறோம். இரவெல்லாம் நம்மோடு விழித்த சாரதியை விடியற்காலை வளைவுப் பாதையில் திருப்பி ஓட்டச் சொல்லி, நாம் பின்னாலிருந்து தூங்குகிறோம். ஆகவே பரிபாலன சபையாருக்கும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வருகிற சிவராத்திரிக்கு வேன் பேசும்போதே, முதற்சாம தரிசனம் முடிந்ததும் சாரதி படுத்துறங்க மடத்தில் ஒரு பாயும், தலையணையும், சத்தமில்லாத ஒரு மூலையும் பேசிவிடுங்கள். அவர் விழித்தெழும்வரை பயணம் புறப்பட வேண்டாம். அவருக்குரிய பிரசாதத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.