வாயிலும் வாயும்

பொருள் தெரியாத சொல்லுக்குப் பொருள் காண அகராதியைத் திறக்கிறோம். அது ஆங்கிலச் சொல்லாயின் முதல் எழுத்தே நம்மை உரிய பக்கத்திற்கு இட்டுச் செல்லும். பொருளை அறியாவிடினும் எழுத்தை அறிவோம். எழுத்துகளின் வரிசையை அறிவோம். எழுத்தே அறியாத எழுத்தாயின் என் செய்வது? சீன மொழி கற்கப் புகும் ஆங்கிலேயர் முதல் நாளிலேயே இவ்வினாவின் முன் நிறுத்தப்படுகிறார். 26 எழுத்துகளின் வரிசையில் பழகிய அவருடைய கண்ணுக்குச் சீன எழுத்து தன் ஒலியையும் சொல்வதில்லை, தன் இடத்தையும் சொல்வதில்லை. ஒலி தெரிந்தால் தேடலாம். அந்த ஒலியை அறியத்தானே அவர் தேடுகிறார்!

பிளேட்டோவின் 'மெனோ' என்னும் உரையாடலில் இப்புதிர் எழுப்பப்படுகிறது. அறியாத ஒன்றை எவ்வாறு தேடுவது? அது எதிர்ப்பட்டாலும், தேடியது இதுவே என்று எவ்வாறு தெளிவது? குருமடத்து மெய்யியல் வகுப்பில் இதனை வெறும் சொற்சிலம்பம் என்றே கருதினோம். பின்னர் எபிரேய அகராதியைப் புரட்ட நேர்ந்தபோது எண்ணம் மாறிற்று. அங்கே சொற்கள் வேர்களின் கீழ் அடுக்கப்பட்டிருந்தன. வேரை அறிந்தவனுக்கே சொல் அகப்பட்டது.

சீனர்கள் இதற்குக் கண்ட வழி மிகப் பழையது. கி.பி. 100ஆம் ஆண்டளவில் ஷூ ஷென் என்னும் அறிஞர் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை 540 தலைப்புகளின் கீழ் வகுத்தார். காங்சி பேரரசரின் ஆணையால் 1716இல் நிறைவுற்ற பேரகராதி, 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை 214 தலைப்புகளுக்குள் அடக்கிற்று. நீர், மரம், கை, வாய், இதயம் என்பன போன்றவை அத்தலைப்புகள். எழுத்தினுள் தலைமையான உறுப்பு எது என்று கண்டு, எஞ்சிய கோடுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையின் கீழ்த் தேடவேண்டும். 1807இல் சீனம் சேர்ந்த இராபர்ட் மாரிசன் ஆங்கிலேயருக்காகத் தொகுத்து, 1815 முதல் 1823 வரை மக்காவில் வெளியான அகராதியின் முதற்பகுதியும் இந்த 214 தலைப்புகளையே பின்பற்றியது.

கேட்கும்போது எளிதாகத் தோன்றும். 'வினவு' என்று பொருள்படும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். இரு கதவுகள் கொண்ட ஒரு வாயில். அதனுள் ஒரு வாய். (வாயில் என்னும் நம் சொல்லிலும் வாய் இருப்பதை வாசகர் கவனித்திருப்பார்.) பெரிதாகத் தெரியும் வாயிலே தலைப்பு என்று மாணவர் முடிவு செய்கிறார். உள்ளே எஞ்சியவை மூன்று கோடுகள். வாயிலின் கீழ், மூன்று கோடுகளின் பகுதியில் தேடுகிறார். அங்கே வாயிலைக் கொண்ட வேறோர் எழுத்து இருக்கிறது. அதன் பொருள் 'மூடு'.

வினவச் சென்றவர் மூடிய கதவைக் கண்டு திரும்புகிறார். உண்மையில் அவ்வெழுத்தில் வாயில் ஒலியை மட்டுமே தருகிறது. பொருளைத் தருவது சிறிய வாய். ஆகவே அது வாய் என்னும் தலைப்பின் கீழ் இருக்கிறது. 'கேள்' என்பதும் அவ்வாறே: வாயிலுக்குள் ஒரு செவி, அது செவியின் கீழ் இருக்கிறது. பெரியதைப் பிடித்துக்கொண்டு சிறியதை எண்ணிக்கையாக மட்டும் கொண்டதே மாணவரின் பிழை. ஆனால் இப்படி ஒருமுறை தவறியவர் அவ்வெழுத்தை மறப்பதில்லை.

இன்று கைப்பேசியை எழுத்தின் மேல் காட்டினால் போதும்; ஒலியும் பொருளும் உடனே வந்து நிற்கின்றன. இதனைக் குறைகூறுவோர் உளர். நாம் அவர்களோடு சேர விரும்பவில்லை. பாடுபடுவதெல்லாம் புண்ணியம் ஆகிவிடாது. எழுத்தைத் தேடிச் சலித்து மொழியையே கைவிட்டவர்களுக்கு அந்தச் சலிப்பால் என்ன ஊதியம்? மேலும், பழைய முறைக்கென்றே ஒரு சோதனை இருந்தது. மூன்றாம் பக்கத்திலும் எழுத்து அகப்படாதபோது, முன்னும் பின்னும் பார்த்து ஒரு பொருளை ஊகித்துக்கொண்டு, அறிந்தவர்போல் மேலே படிப்பது. ஆசிரியர் வினவினால் தலையசைப்பது. அப்படித் தலையசைத்த புலவரைவிட, கருவியிடமேனும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்பவர் நேர்மையானவர் என்றே சொல்வோம். ஆயினும், எழுத்தை ஏறிட்டுப் பாராமல் விடையை மட்டும் பெற்றுக்கொண்டவர் நாளையும் அதே எழுத்திற்குக் கருவியை நீட்டுவார். தமக்கு எது தெரியவில்லை என்பது கூட அவருக்குத் தெரியாமற்போகிறது.

இந்நேர்மையைப் பற்றி எண்ணும்போது நினைவுக்கு வருவது ஒரு கையெழுத்துப் படி. இயேசு சபைக் குருக்களாகிய மிக்கேலே ருஜ்ஜியேரியும் மத்தேயு ரிச்சியும் 1580களில் தொகுத்த போர்த்துக்கீசிய–சீன அகராதி அது. 1934இல் உரோமையில் அச்சபையின் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து சீனத்திற்குச் செல்வதால், அறியாத சீன எழுத்தைத் தேடுவோர்க்கு அது பயன்படாது. அதில் போர்த்துக்கீசியச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. எதிரே அவற்றின் சீன எழுத்துகள். ஆனால் எல்லாச் சொற்களுக்கும் எதிரே எழுத்து இல்லை. ஏதேனும் ஒன்றை இட்டு நிரப்பியிருந்தால் அக்காலத்து ஐரோப்பாவில் அதைக் கண்டறிய எவர் இருந்தார்? பல சொற்களின் எதிரே அவர்கள் இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள்.