தவறுவதற்கோர் உரிமை

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார ஆலைகளில் பகலெல்லாம் உழைப்பவர், மாலையில் வேப்பம்பட்டு போன்ற ஊரில் எழுத்தறிய வருகிறார் எனக் கொள்வோம். அவரிடம் எழுத்து அட்டைகளைக் கொடுத்து விளையாடச் சொல்வது முறையா? அது அவரைச் சிறுபிள்ளையாக்கி விடாதா?

உடலுக்கு ஓய்வு போல உள்ளத்துக்கு விளையாட்டும் தேவை என்றார் புனித அக்குவினா தோமையார். அளவறிந்து விளையாடுவதை நற்பண்பெனவும் போற்றினார். ஆனால் விளையாட்டு ஓய்வு மட்டுமன்று.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. 1992-இல் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய மிதிவண்டி ஓட்டிக் காட்டினர். விழாமல் மிதிவண்டி பழகியவர் எவர்? சேர்ந்து விழுந்து, சேர்ந்து சிரித்து எழுவோருக்கு வீழ்ச்சி அவமானமன்று. வகுப்பறையில் தவறிய எழுத்து மட்டும் ஏன் ஒருவரைத் தலைகுனியச் செய்ய வேண்டும்? தவறுவதற்கு உரிமை தருவதே விளையாட்டின் கொடை.

ஆயினும் ஆசிரியர் நடுவராக மட்டும் விலகி நின்றால், கற்போர் காட்சிப் பொருளாவர். தாமும் ஆட்டத்தில் இறங்கித் தோற்கவும் இசைந்தால்தான் அவர்களது மாண்பு காக்கப்படும். நம் ஆண்டவரும் உயரத்தில் நின்று கற்பிக்கவில்லை. மனுவுருவெடுத்து நம்மிடையே வாழ்ந்தார். அவரைப் பின்செல்லும் நாம் கற்பிக்க அமரும் இடமும் தரையாகவே இருக்கட்டும்.