தானாக நடக்கும் செயலுக்குக் கர்த்தா யார்?

பல சர்வர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே சேவையைத் தாங்கும் அமைப்புக்குக் கிளஸ்டர் என்று பெயர். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு போல நின்றுபோகக் கூடாத சேவைகள் அதில்தான் ஓடுகின்றன. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓட்டை தெரிந்தால் பேட்ச் போட வேண்டும். போட்டால் பெரும்பாலும் ரீபூட் செய்ய வேண்டும். எல்லாச் சர்வர்களையும் சேர்த்து ரீபூட் செய்தால் சேவை படுத்துவிடும். ஆகவே ஒன்றை மட்டும் விலக்கி, அதன் வேலையை மற்றவற்றிடம் ஒப்படைத்து, பேட்ச் போட்டு, ஒழுங்காக எழுந்ததா என்று பார்த்து, திரும்பச் சேர்த்த பிறகே அடுத்ததைத் தொடுவார்கள். மூன்று சர்வர் கிளஸ்டரில் குறைந்தது இரண்டு எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; பெரும்பான்மை போனால் எந்தத் தகவல் சரி என்று தீர்மானிக்க வழியில்லை.

ஆட்கள் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த இந்த வேலையை இன்று ஆன்சிபிள் போன்ற கருவிகளில் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் செய்துமுடிக்கின்றன. எல்லோரும் தூங்கும்போது நடந்த அந்தச் செயலைச் செய்தவர் யார்? அடையாறை அடுத்த தரமணியின் கணினி அலுவலகங்களுக்கு இது புதிய கேள்வி. மயிலாப்பூரில் 1906-இல் தொடங்கிய சம்ஸ்கிருதக் கல்லூரியில் கற்பிக்கப்படும், வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சைக்கோ இது மிகப் பழையது.

மீமாம்சை கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று பிரிக்கும். சந்தியாவந்தனம் நித்தியம், கிரகணத்துக்குக் குளிப்பது நைமித்திகம், பலனை விரும்பிச் செய்வது காமியம். நித்தியத்தைச் செய்தால் தனியாக ஒரு லாபம் இல்லை, விட்டால் தோஷம் உண்டு என்று கொள்வோர் பலர். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று வெளியிடும் பேட்சுகளுக்கு இந்த இலக்கணம் அப்படியே பொருந்தும். போட்டவரை யாரும் பாராட்டுவதில்லை. 2017 மார்ச் 14 அன்று வந்த பேட்சைப் போடாமல் விட்ட கணினிகளை மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் தாக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளே தள்ளிப்போயின. மனிதர் மறப்பார், சலிப்பார். இத்தகைய நித்திய கர்மத்தை இயந்திரத்திடம் விடுவதில் தவறே இல்லை.

ஆனால் விட்ட பிறகு பொறுப்பு எங்கே போகிறது? யாகத்தில் மந்திரம் சொல்வதும் ஆகுதி இடுவதும் ரித்விக்குகள் எனப்படும் புரோகிதர்கள். யாகத்தைச் செய்விக்கும் யஜமானன் சங்கல்பம் செய்கிறான், பொருளைத் துறக்கிறான். மற்றதெல்லாம் தட்சிணை பெற்றவர்கள் கையில். ஆயினும் பலன் செய்வித்தவனுக்கே என்று மீமாம்சை சூத்திரங்களை இயற்றிய ஜைமினி அவற்றின் மூன்றாம் அத்தியாயத்தில் முடிவு கட்டுகிறார். ஆகம வழிபாடு வேறு மரபுதான் என்றாலும் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அர்ச்சனைத் தட்டை நீட்டுபவரிடம் அர்ச்சகர் முதலில் கேட்பது பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும். நாமங்களைச் சொல்வது அர்ச்சகரின் வாய், பூவை இடுவது அவர் கை. அர்ச்சனை போய்ச் சேருவது சங்கல்பத்தில் சொன்ன பெயருக்கு. “சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ” என்பவர்களும் உண்டு. அப்போதும் ஒரு பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்கிரிப்ட் ரித்விக்கின் இடத்தில் நிற்கிறது. ஆனால் ரித்விக்குக்கு அறிவு உண்டு, தவறு கண்டால் நிறுத்துவார். அப்படியிருந்தும் யாகத்தில் பிரம்மா என்று ஒருவரைத் தெற்கே உட்கார வைத்தார்கள். அவர் வேலை பேசாமல் முழுவதையும் கவனிப்பது, பிழை நேர்ந்தால் பிராயச்சித்தம் செய்வது. அவருடைய மௌனத்தின் அருமையைச் சாந்தோக்கிய உபநிஷதம் நான்காம் அத்தியாயத்தில் விளக்குகிறது. அறிவுள்ளவர்களுக்கே காவல் வைத்த மரபு இது. அறிவற்ற ஸ்கிரிப்டுக்குக் காவல் எவ்வளவு தேவை!

காவல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 ஜூலை 19 அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு கோப்பை அனுப்பியது. அது ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேட்ச் அல்ல. ஆனால் தானாகப் போவதில் அதே இனம். சில கணினிகளுக்கு மட்டும் முதலில் அனுப்பிப் பார்க்காமல் உலகமெங்கும் ஒருசேரப் போனது. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள்.

இப்படி நடந்ததற்குப் பொறுப்பு யார்? செய்வதெல்லாம் பிரகிருதி என்னும் சடப்பொருள், புருஷன் என்னும் ஆன்மா வெறும் சாட்சி என்று சாங்கியம் சொல்லும். “சிஸ்டம் பண்ணிடுச்சு” என்ற அலுவலகப் பேச்சுக்கு அது துணைபோவதுபோல் தோன்றலாம். சைவ சித்தாந்தம் இதை ஏற்காது. அறிவற்ற சடம் தானே இயங்காது, இயக்குபவன் வேண்டும். வினையும் சடமாதலால் தானாகவே போய்ச் செய்தவனைச் சேராது என்பது மெய்கண்டார் வழி வந்தோரின் வாதம். ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை இந்த வாதமே வெல்கிறது. எந்த நேரத்தில் ஓட வேண்டும், எத்தனை சர்வர் விழுந்தால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டியே எடுத்த முடிவுகள்.

இதனால் இரவுப் பணியில் இருந்த இளைஞர் தலையில் பழியைக் கட்டுவது அநியாயம் என்றும் ஆகிறது. அவர் தட்சிணைக்கு வந்தவர். ஓட அனுமதித்தவர், நிறுத்த அதிகாரம் உள்ளவர் என்று ஒருவரின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பெயர் எழுதப்படும்வரை எந்த நிறுவனமும் தானியங்கிப் பேட்சை ஓடவிடக் கூடாது.