கோவூர் கிழார் சொல்லாமல் விட்டது

சீடன்: ஐயா, ஒரு முடிவுக்கு முன் எதையெல்லாம் எண்ணிப் பார்ப்பது? எண்ணத் தொடங்கினால் எனக்கு முடிவே வருவதில்லை.

குரு: நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் திருக்கோவிலூர், மலையமான்கள் ஆண்ட ஊர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடப்போனான்; புறநானூற்றில் 46ஆம் பாட்டு. அவன் எண்ணாமலா அந்த முடிவுக்கு வந்தான்?

சீடன்: எண்ணித்தான் இருப்பான். தகப்பன் பகைவன். பிள்ளைகள் வளர்ந்தால் வாளெடுப்பார்கள். ஓர் அரசனுக்கு அது போதாதா?

குரு: போதும் என்றுதான் நினைத்திருப்பான். புலவர் கோவூர் கிழார் வந்து அரசனிடம் மூன்று சொன்னார். நீ புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன். இவர்கள், புலவர்களின் வறுமை கண்டு பொறுக்காமல் பகுத்துண்ணும் குடி. மூன்றாவது, இந்தப் பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள்; பழகாத மன்றத்தைக் கண்டு மிரள்கிறார்கள்.

சீடன்: முதல் இரண்டும் குலப்பெருமை. என்றோ ஒருவன் புறாவுக்கு இரங்கியதற்கும் இந்த வழக்குக்கும் என்ன தொடர்பு? மலையமான் கொடையாளி என்றால் பகை இல்லையென்று ஆகிவிடுமா?

குரு: ஆகாது. எனக்கும் அந்த இரண்டில் பெரிய பிடிப்பில்லை. அரசன் காது கொடுக்க உதவியிருக்கும், அவ்வளவுதான். மூன்றாவதைப் பார். யானை எதற்கு நிற்கிறது என்றே தெரியாத குழந்தையைக் கொன்றால், தண்டனை யாருக்கு?

சீடன்: தகப்பனுக்கு. சரி, பிள்ளைகளிடம் குற்றமில்லை. ஆனால் நாளைக்கு வரும் ஆபத்து? அதற்குப் புலவர் பதிலே சொல்லவில்லையே!

குரு: சொல்லவில்லை. அது அரசன் மனத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பகை எதை வெளியே நிறுத்தியிருந்ததோ, அதைத்தான் அவர் உள்ளே அழைத்து வந்தார். நீ எல்லாவற்றையும் எண்ணப் பார்க்கிறாய், அதனால் திணறுகிறாய். எதைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லையோ அதிலிருந்து தொடங்கிப் பார்.

சீடன்: கடைசியில், கேட்டாயிற்று, இனி உன் விருப்பம் என்று விட்டுவிடுகிறாரே. உயிர் போகிற இடத்தில் காலில் விழ வேண்டாமா?

குரு: விழுந்திருந்தால் அரசன் புலவரின் முகத்துக்காக இரங்கியிருப்பான். குழந்தைகளைப் பார்த்திருக்க மாட்டான். எப்படியோ, பிள்ளைகள் பிழைத்தார்கள் என்கிறது பாட்டின் கீழுள்ள குறிப்பு.

சீடன்: அப்படியானால் இதே வழியை எல்லா இடத்திலும் பிடிக்கலாமா?

குரு: 47ஆம் பாட்டையும் படி. உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ஒற்றன் என்று அரசன் நெடுங்கிள்ளி கொல்லப்போகிறான். காப்பாற்றப் போனவர் இதே கோவூர் கிழார். ஆனால் அங்கே கேள்வியே வேறு. வந்தவன் ஒற்றனா, இல்லையா? மிரண்ட குழந்தையின் முகம் அந்த வழக்குக்கு உதவாது. அங்கே அவர் எதை எடுத்து வைத்தார் என்று பார்த்துவிட்டு வா.