இரை சும்மா கிடக்கட்டும்

தூண்டில் போடுகிறவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். இரை தண்ணீரில் விழுந்த மறுகணமே கை எதையாவது செய்யத் தொடங்கிவிடும். ரீலை அரைச் சுற்று சுற்றும், ராடின் நுனியை இரண்டு தடவை ஆட்டும், தூண்டில் நரம்பை விரலால் சுண்டிப் பார்க்கும். பாஸ் மீனுக்காக அமெரிக்கக் கடைகளில் தொங்கும் செயற்கை இரைகளில் பலவும் இந்தக் கைத்தினவை நம்பித்தான் விற்கின்றன. சுழலும் தகடு, உள்ளே குண்டு போட்டுக் கலகலக்கும் பிளாஸ்டிக் மீன், தண்ணீரைத் துப்பிக்கொண்டு ஓடும் ரப்பர் தவளை என்று எல்லாம் ஓட்டத்துக்குப் பிறந்தவை. நான் இங்கே குறித்து வைப்பது வேறொரு வேலையை. இரையைப் போடுவது, அது இறங்கித் தரையில் படியும்வரை பார்ப்பது, பிறகு அதைத் தொடாமல் விட்டுவிடுவது.

*

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரோட்டினால் லேக் ஃபோர்க். சபைன் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையை மறித்து 1980-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். சுமார் 27,000 ஏக்கர். உள்ளே இருந்த காட்டில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். பட்டை உரிந்து வெளுத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் தலைநீட்டிக்கொண்டு நிற்கின்றன. படகோட்டத் தெரியாதவனுக்கு அவை எமன். பாஸுக்கோ வீடு, நிழல், பதுங்குமிடம் எல்லாமே அவைதான்.

ஜனவரியில் இங்கே தண்ணீர் பத்து டிகிரி செல்சியஸைச் சுற்றி நிற்கும். மீனுக்குத் தனியாக உடல்சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான் மீனும். கோடையில் இருபத்தேழு டிகிரியில் திமிராகத் திரியும் பாஸ், குளிரில் தன் வரவு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. விழுங்கியது செரிக்க நாளாகும், அதனால் பசியும் மெதுவாகத்தான் வரும். ஓடுகிற எதையும் துரத்திப் போனால் கிடைப்பதைவிடச் செலவு அதிகம். எனவே துரத்தாது.

இதே குளிர் ஷாட் என்ற சின்ன வெள்ளி மீனை இன்னும் மோசமாகப் படுத்துகிறது. பாஸின் அன்றாடச் சாப்பாடு அது. தெற்கத்தி ஏரிகளில் இருக்கும் திரெட்ஃபின் ஷாட்டுக்குக் குளிர் ஆகவே ஆகாது. தண்ணீர் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கினால் தள்ளாடும், அதற்கும் கீழே போனால் கூட்டமாகச் சாகும். சாகிற ஷாட் முதலில் ஒருக்களித்துப் படுக்கிறது. ஒரு துடிப்பு, நீண்ட ஓய்வு, இன்னொரு துடிப்பு, பிறகு மெல்ல அமிழ்தல். அந்தக் கூட்டத்துக்கு அடியில் பாஸ் காத்துக் கிடக்கிறது. வாய்க்கு நேரே வருவதை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, குளிர்காலத்தில் அசையாத இரையைப் பொறுமையின் சோதனை என்று பேசுவது எனக்குக் கொஞ்சம் அலட்டலாகப் படுகிறது. அந்த மாதத்தில் அந்தத் தண்ணீரில் ஓடுகிற இரைதான் பொய்.

*

அசையாதது என்று சொல்கிறேனே தவிர, தண்ணீருக்குள் எதுவும் முழுதாக அசையாமல் இருப்பதில்லை.

கேரி யமமோட்டோ 1990களில் சந்தைக்குக் கொண்டுவந்த சென்கோ என்ற மென்பிளாஸ்டிக் இரையைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். ஐந்து அங்குலக் குச்சி. கால் இல்லை, வால் இல்லை, கண் இல்லை. ஒரு பேனாவைப் பார்த்து அந்த வடிவம் பிறந்ததாகச் சொல்வார்கள். பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. விரலில் உப்பு பிசுபிசுக்கும். பிளாஸ்டிக்கோடு உப்பைக் கலந்து வார்த்திருப்பதால் ஈயக்குண்டு இல்லாமலே அமிழும். முள்ளை நடுவில் குத்திப் போட்டால், இறங்கும்போது இரண்டு நுனியும் நடுங்கும். தெளிந்த தண்ணீரில் படகுக்குப் பக்கத்திலேயே விட்டுப் பார்க்கலாம். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் அதை இரண்டு பக்கமும் தள்ளுகிறது, அது வளைந்து கொடுக்கிறது. தரையைத் தொட்டதும் அதுவும் நின்றுவிடும். ஆனால் மேலே காற்று நரம்பை வில்லாக வளைத்து இழுப்பதால் இரை அங்குலத்தில் ஒரு பங்கு நகரும். அடுத்த படகின் அலை வந்து இன்னொரு பங்கு நகர்த்தும்.

நெட் ரிக் என்று ஒன்று உண்டு. காளான் தலை போன்ற சின்ன ஈயத்தில் மிதக்கிற ரகப் பிளாஸ்டிக்கைக் குட்டையாக வெட்டிச் செருகுவார்கள். ஈயம் தரையில் உட்கார, வால் மேலே எழுந்து நிற்கும். சேற்றைக் கிளறி எதையோ மேய்கிற சின்ன உயிர் மாதிரி ஒரு நிலை. ஜிக் என்ற ஈயத்தலை முள்ளில் மென்சிறகைச் சுற்றிக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இழைகள் ஒருபோதும் ஓய்வதில்லை.

இன்னொரு வகை, நீரின் நடுவில் அந்தரத்தில் நிற்கும் ஜெர்க்பெய்ட். இழுத்துவிட்டு நிறுத்தினால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்க வேண்டும். கடையில் வாங்கும்போது சரியாக நிற்பது, குளிர்ந்த தண்ணீரில் மெல்ல மேலே எழும்பும். குளிர்நீர் அடர்த்தி கூடியது. அதற்காக இரையின் வயிற்றில் சிறு ஈயப் பொட்டுகளை ஒட்டிச் சரிக்கட்டுகிறார்கள். முள்ளைக் கொஞ்சம் கனமாக மாற்றுகிறவர்களும் உண்டு. ஒரு கிராமுக்கும் குறைவான எடைக்காகப் படகோரத்தில் குனிந்து, இரையைத் தண்ணீரில் விடுவதும் எடுப்பதுமாக அரைமணி நேரம் போகும். சும்மா நிற்கிற ஒன்றைச் செய்வதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது!

*

கொக்கு என்றதும் தமிழ் மனம் எங்கே போகும் என்று தெரியும். லேக் ஃபோர்க்கின் கரையிலும் சாம்பல் நிறத்தில் நெஞ்சளவு உயரமான நாரை நிற்கிறது. ஆனால் அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது. நாரை நிற்பது தன்னை மறைக்க. இங்கே நான் மறைய வேண்டியதில்லை, படகிலிருந்து தும்மலாம், காப்பி குடிக்கலாம். நிற்க வேண்டியது முப்பது அடி தள்ளி, பன்னிரண்டு அடி ஆழத்தில் கிடக்கும் ஒரு குச்சி. என் கையின் சேதி அங்கே போகாமல் இருக்க வேண்டும், அதுதான் வேலை.

*

2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற சோனாரைக் கொண்டுவந்தது. படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் நடப்பதை அந்தந்தக் கணமே திரையில் காட்டும். தூண்டிலின் மர்மத்தை அது கொன்றுவிட்டது என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதன்மேல் பெரிய காதல் இல்லை. ஆனாலும் ஒரு நண்பரின் படகில் அதைப் பார்த்தபோது, அதுவரை காதால் கேட்டதைக் கண்ணால் கண்டேன்.

திரையில் இரை ஒரு புள்ளி. மரத்தூரிலிருந்து ஒரு கோடு பிரிந்து வருகிறது. புள்ளிக்கு ஓர் அடி முன்னால் நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. பாஸின் விலாவில் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு மிகச் சிறிய நீரசைவையும் உணரும், ஆனால் பக்கத்தில் வந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். அதனால்தான் அவ்வளவு அருகில் வந்து நிற்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். நண்பரின் கட்டைவிரல் ரீலின்மேல் துடித்தது. அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம்.

“ஒரே ஒரு சுண்டு சுண்டவா வே?”

“சும்மா இரும்.”

சுண்டினார். கோடு திரும்பி மரத்துக்குள் போய்விட்டது.

சுண்டியதால்தான் போயிற்று என்று சத்தியம் செய்ய முடியாது. சுண்டினதும் பாய்ந்து கவ்விய மீன்களும் உண்டு.

*

பாஸ் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. அந்தப் பெரிய வாயைத் திடீரென்று திறந்தால் உள்ளே தண்ணீர் பாயும், தண்ணீரோடு இரையும் போகும். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். ஓடும் இரையை அது தாக்கும்போது கையில் அடி விழுந்த மாதிரி தெரியும். கிடக்கிற இரையை எடுக்கும்போது அப்படி ஒன்றும் தெரியாது. நரம்பில் ஒரு ‘டிக்’. அல்லது அதுகூட இல்லாமல், தண்ணீர்மேல் தளர்ந்து கிடந்த நரம்பு பக்கவாட்டில் நகரும். சில சமயம் இறங்கிக்கொண்டிருந்த நரம்பு, தரை வருவதற்கு முன்பே நின்றுவிடும். ஆகவே பார்க்க வேண்டியது ராடை அல்ல, நரம்பு தண்ணீருக்குள் நுழையும் அந்த ஒரு புள்ளியை. வெயில் சாய்ந்தால் அதுவும் தெரியாது. அதற்கென்றே பளிச்சென்ற மஞ்சள் நரம்பைப் போட்டு, நுனியில் மட்டும் சில அடி நிறமில்லாத ஃப்ளூரோகார்பனைக் கட்டுவார்கள்.

நரம்பை இறுக்கிப் பிடித்தால் மீன் இழுவையை உணர்ந்து துப்பும். ரொம்பத் தளர்த்தினால் எடுத்ததே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொய்வு இருக்கிறது. அதைக் காற்றடிக்கும் நாளில் காப்பாற்றுவது பெரிய பாடு.

*

பொறுமை என்ற பெயரில் நடக்கும் ஒரு கொடுமையையும் எழுதிவைக்க வேண்டும்.

ராடைத் தாங்கியில் செருகிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களும் இரையை அசைப்பதில்லைதான். திரும்பிப் பார்க்கும்போது நரம்பு எங்கேயோ போயிருக்கும். இழுத்தால் மீன் இருக்கும், முள் தொண்டைக்குள் இருக்கும். உப்பும் மென்மையுமான பிளாஸ்டிக்கை பாஸ் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொள்கிறது. பிறகு விழுங்கிவிடுகிறது. ஓடும் இரையில் முள் பெரும்பாலும் உதட்டோரத்தில் மாட்டும். கிடக்கும் இரையில், ஆள் கவனிக்காவிட்டால், உணவுக்குழாயில் மாட்டும். அதன் இரண்டு பக்கமும் செவுள், சற்றுப் பின்னால் இதயம். இடுக்கியை விட்டுக் குடைந்தால் செவுளின் சிவப்பு இழைகள் கிழிந்து ரத்தம் சொட்டத் தொடங்கும். மீன்வளத் துறையினர் பொதுவாகச் சொல்வது, அப்படி ஆழத்தில் மாட்டிய முள்ளைப் பிடுங்காமல் நரம்பை வாயோரத்தில் வெட்டி மீனை விட்டுவிடுங்கள் என்பதுதான். பிழைக்க அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

லேக் ஃபோர்க்கில் இது இன்னும் உறைக்கும். இங்கே 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது, தண்ணீரில் விட்டே ஆக வேண்டும். அந்த நீளத்து மீன் முள்ளை விழுங்கியிருந்தால் நீங்கள் அதைச் சமைக்கவும் முடியாது. ரத்தம் கக்கும் மீனைச் சட்டப்படி திரும்ப விடுகிறீர்கள். அது மிதந்து போவதைச் சட்டப்படி பார்க்கிறீர்கள்.

*

இரையை அசைக்காமல் விடும் இந்த வழி மீனைத் தேடுவதற்கு உதவாது. ஒரு மணி நேரத்தில் நாலைந்து இடம்தான் தொட முடியும். மீன் எங்கே என்று தெரியாத 27,000 ஏக்கரில் இரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவனுக்குத் தியானம் கைகூடலாம், மீன் கிடைக்காது. முதலில் ஓடும் இரையால் தேடி, ஒரு மரத்தூரில் மீன் இருக்கிறது, ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டிய கருவி இது. குளிர்காற்று அலை கடந்து வானம் சுத்தமாக நீலமாகிவிட்ட மறுநாள். பலரும் வந்து இரை காட்டிச் சலித்த இடம். இந்த மாதிரிச் சமயங்களில்.

*

டெக்ஸாஸின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரி 24 அன்று இதே ஏரியில் பாரி செயின்ட் கிளேர் என்பவருக்குக் கிடைத்தது. அவர் பாஸ் பிடிக்க வரவில்லை. கிராப்பி என்ற சிறிய மீனுக்காகத் தூண்டிலில் ஒரு மீன்குஞ்சைக் கோத்துப் போட்டிருந்தார். கலகலக்கும் பிளாஸ்டிக் மீன்களோடு எத்தனையோ பேர் தேடி அலையும் ஏரி இது. முப்பது ஆண்டு கடந்தும் அந்தச் சாதனை நிற்கிறது.

*

இனி எழுதுவது குளிரைப் பற்றி அல்ல.

மார்ச்சில் தண்ணீர் பதினாறு டிகிரியைத் தாண்டும்போது ஆண் பாஸ் கரையோர ஆழமில்லாத இடத்தில் வாலால் மண்ணை விசிறி வட்டமாக ஒரு கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் ஆணுக்கு. நம்மூர் விரால் குஞ்சுகளோடு நின்று காப்பது போல இதுவும் நிற்கும், அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடாது. அந்தக் கூட்டுக்குள் ஓர் இரையை இறக்கிவிட்டு அசைக்காமல் இருங்கள். ஆண் அதைச் சுற்றும். மூக்கை வைத்துப் பார்க்கும். கடைசியில் வாயில் எடுத்துக் கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பப் பார்க்கும். பசிக்காக அல்ல, பெருக்குகிற வேலை. அந்த ஒரு கணத்தில் ராடை உயர்த்தினால் மீன் உங்களுடையது. படகில் அதைப் படம் பிடிக்கிற நேரத்தில் புளூகில் மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும்.

இல்லினாய் மாநிலத்தில் சார்ல்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் ரிட்ஜ் லேக் என்ற சிற்றேரி. 1970களில் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். பிறகு ஏரியை வடித்துப் பார்த்தபோது, பலமுறை சிக்கியவையும் இருந்தன, ஒருமுறைகூடச் சிக்காதவையும் இருந்தன. இரண்டு வகையையும் தனித்தனியே பெருகவிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். எளிதில் தூண்டிலில் சிக்கும் குணம் குஞ்சுகளுக்கும் இறங்குகிறது என்று டேவிட் ஃபிலிப் குழுவினர் 2009-இல் வெளியிட்டார்கள். அந்த வம்சங்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், எளிதில் சிக்கும் வம்சத்தின் ஆண் மீன்கள்தான் கூட்டை அதிக விழிப்போடு காத்தன என்றும் தெரிந்தது.

நல்ல தகப்பன் முதலில் மாட்டுகிறான். டெக்ஸாஸில் அந்த வாரங்களுக்குத் தடை ஏதும் இல்லை. நான் அப்போது கரையோரக் கூடுகளில் இரை இறக்குவதில்லை. தூத்துக்குடிக்காரர் கேட்கிறார்: “நீரு விட்டா, அடுத்த படகுக்காரன் விடுவானா வே?” விடமாட்டான். அவன் இரையும் சென்கோவாகத்தான் இருக்கும், என்னைவிட அவனுக்கு அதை அசைக்காமல் வைத்திருக்கத் தெரிந்தும் இருக்கலாம்.